சாய்ப்பு இறக்க, ஓடு மாற்ற, சுவர் எழுப்ப: சொந்தக் கையால் வீட்டு வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்தப் பக்கத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்ததும் ஓர் அறை கூடுதலாக வேண்டியிருக்கும், அடுக்களை போதாமல் போகும், ஓடு ஒழுகத் தொடங்கும். இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் பணம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் தாமே வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுமை எங்கே இறங்குகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்ற இரண்டையும் புரிந்துகொண்டவர் கொத்துவேலை தெரியாதவராக இருந்தாலும் நல்ல சாய்ப்பு (வீட்டுச் சுவரை ஒட்டி ஒரே சரிவில் இறக்கும் கூரை) ஒன்று இறக்கிவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குக் கொத்துவேலை தெரியாது. எவ்வளவு தூரம் நானே செய்யலாம்?

ஓடு இறக்கிக் கழுவி மறுபடி மேயலாம். உளுத்துப்போன பட்டியலை (ஓடு கொளுவும் மரச்சட்டத்தை) மாற்றலாம். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது, மண் நிரப்பி இடிப்பது, ஆள் உயரம் வரை சுவர் கட்டுவது, உட்பூச்சு, தரை ஓடு, பெயிண்ட் எல்லாம் பொறுமை உள்ள யாருக்கும் கைவரும். முதல் வரிசை கல் கோணலாக வரும், பத்தாவது வரிசையில் கை பழகிவிடும்.

சுமை தாங்கும் சுவரில் புது வாசல் திறப்பது, வார்ப்பு, பீம், மின்சாரப் பலகை ஆகியவற்றை மட்டும் தெரிந்தவர் கையில் விடுங்கள். பிழைத்தால் பிரித்துத் திரும்பச் செய்ய முடிகிற வேலை உங்களுடையது. பிழைத்தால் ஆள் மேல் விழக்கூடிய வேலைக்கு ஆள் வையுங்கள்.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிடலாமா?

முதலில் மச்சின் மேல் ஏறிப் பாருங்கள். உத்தரமோ கழுக்கோலின் (கூரையின் சாய்வுச் சட்டத்தின்) கால்களோ அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால் அது சுமை தாங்கும் சுவர். கான்கிரீட் வீடானால் ஒன்பது அங்குலச் சுவர் பெரும்பாலும் தாங்கும் சுவர், நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு: தடுப்பாகக் கட்டிய சுவரின் மேல் தளம் காலப்போக்கில் தொய்ந்து உட்கார்ந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஒரு முறை வந்து பார்ப்பதற்கு அவர் வாங்கும் கட்டணம் இடிந்த சுவரைத் திரும்பக் கட்டும் செலவை விடக் குறைவு.

மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய வெட்டுக்கல் (செம்புறைக்கல்) சுவரில் வாசல் திறக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அதில் கல்லைக் கல்லோடு பிடித்துவைத்திருப்பது மேலிருந்து வரும் பாரம் மட்டுமே. நடுவில் ஒரு கல்லை உருவினால் மேலே முக்கோணமாகச் சரிந்து வரும். முட்டுக்கொடுத்து, லிண்டல் (வாசலுக்கு மேல் பாரம் தாங்கும் விட்டம்) ஏற்றி, அது இறுகிய பிறகே கீழே உடைக்க வேண்டும். லிண்டலின் இரு முனையும் சுவரில் ஆறு முதல் எட்டு அங்குலம் உட்கார வேண்டும்.

பஞ்சாயத்து அனுமதி வாங்க வேண்டுமா?

ஓடு மாற்றவும், பூசவும், பெயிண்ட் அடிக்கவும் பொதுவாக வேண்டாம். தரைப்பரப்பு கூடுகிறது என்றால் வேண்டும், சாய்ப்பு ஆனாலும் சரி. தமிழ்நாட்டுப் பக்கம் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி வரையான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. உங்கள் விரிவாக்கம் அதில் அடங்குமா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேரளப் பக்கம் 2019ஆம் ஆண்டின் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் இருக்கின்றன, விண்ணப்பம் கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சி இணையதளம் வழியாகப் போகிறது. அங்கே உங்கள் இடம் வயல் என்று பதிவாகியிருந்தால் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். கண்ணுக்கு மேட்டு நிலமாகத் தெரிந்தாலும் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

குமரி மாவட்டத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு விஷயங்கள். மலையோரக் கிராமங்கள் சில ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் வருகின்றன, அங்கே தனி அனுமதி வேண்டும். கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. 1956 நவம்பர் 1க்கு முன்பு நாம் திருவிதாங்கூரிலும் திருக்கொச்சியிலும் இருந்ததால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில்தான் இருக்கும். எல்லை, நடைபாதை, கிணற்றுப் பங்கு எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவரை வைத்து முழுக்கப் படித்துவிட்டு நூல் பிடியுங்கள்.

எந்த மாதம் தொடங்கினால் நல்லது?

நமக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்று. கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியில் அல்லது தையில் வானம் தோண்டி, சித்திரைக்குள் கூரை ஏற்றிவிட்டால் போதும். உள்வேலையை மழையோடு மழையாகப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும் வேலை செய்கிறவருக்கு ஒரே கோடையில் கூரை முடியாது என்று தோன்றினால், அந்த ஆண்டு அஸ்திவாரமும் அதன் மேல் பெல்ட்டும் (சுற்றிவரும் கான்கிரீட் பட்டை) மட்டும் போட்டுவிட்டு நிறுத்துங்கள். அது ஒரு மழைக்காலம் நனைவதால் கெடுதல் இல்லை. பாதிச் சுவரோடு நிறுத்துவதுதான் கெடுதல்: திறந்த சுவர்த் தலை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிச் சாந்தைக் கரைக்கும்.

சாய்ப்பு எத்தனை அடி அகலம் இறக்கலாம்? ஓடா, ஷீட்டா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கணக்குப் போடாமல் தொடங்கி நடுவில் திண்டாடுகிற இடமும் இதுதான்.

மங்களூர் ஓட்டுக்குச் சரிவு வேண்டும். நம் ஊர் சாரல் மழைக்கு 30 டிகிரி என்பது நல்ல அளவு, 25க்குக் கீழே போனால் காற்று தண்ணீரை ஓட்டின் இணைப்பு வழியாக மேல்நோக்கித் தள்ளிவிடும். 30 டிகிரி என்றால் ஓர் அடி அகலத்துக்கு ஏறக்குறைய ஏழு அங்குலம் இறக்கம். எட்டடி அகலச் சாய்ப்புக்கு நாலடி ஏழு அங்குலம் இறங்கும். வீட்டுச் சுவரில் பத்தடி உயரத்தில் தொடங்கினாலும் வெளிப்பக்கம் ஐந்தடி ஐந்து அங்குலம்தான் மிஞ்சும். பழைய சாய்ப்புகளில் வெளிச்சுவர்ப் பக்கம் எல்லோரும் குனிந்து நடக்கிறோமே, அதன் காரணம் இந்தக் கணக்குதான். அந்தக் காலத்தில் அங்கே விறகும் நெல்லும் போட்டார்கள், நாம் கட்டில் போடப் பார்க்கிறோம்.

ஆகவே ஆறடி வரை என்றால் ஓடு மேயுங்கள். மூன்றரை அடி இறக்கம் போக வெளியே ஆறரை அடி கிடைக்கும். அதற்கு மேல் அகலம் வேண்டும் என்றால் பூச்சுத் தகர ஷீட்டுக்குப் போய்விடுங்கள். அதற்கு 10 டிகிரி போதும், அடிக்கு இரண்டு அங்குலம். எட்டடிக்கு ஒன்றரை அடிக்கும் கொஞ்சம் குறைவான இறக்கம். சூட்டுக்கு அடியில் ஒரு சீலிங் வேண்டியிருக்கும், மழைச் சத்தத்துக்கும் அது உதவும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய வீட்டுக் கூரையின் அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் சாய்ப்பின் மேல்தான் கொட்டும். எட்டுக்குப் பன்னிரண்டு அடிச் சாய்ப்பு சுமார் 9 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் மட்டும் 900 லிட்டர் விழும். மேல் கூரையிலிருந்து வருவது அதுக்குமேல். மேல் இறவாணத்தில் (கூரையின் கீழ் விளிம்பில்) ஒரு பாத்தி (தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய்) கட்டி, பக்கவாட்டில் குழாய் வழியாகக் கீழே இறக்கிவிடுங்கள். சாய்ப்பின் மேல் கொட்டும் தண்ணீர் குறையும், ஒழுக்கும் குறையும்.

காற்றையும் நினைவில் வையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பறந்த ஷீட்டுகளை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயல் கூரையை அழுத்துவதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது. சட்டத்தைச் சுவரின் மேல் சும்மா வைக்காமல், மேல் பெல்ட்டில் புதைத்த கம்பியோடு இறுக்குங்கள். ஷீட்டின் ஓரங்களிலும் இறவாணத்திலும் திருகாணிகளை நெருக்கமாக அடியுங்கள். ரப்பர் வாஷரோடு, ஷீட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும்.

சாய்ப்புக் கூரை பழைய சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. எத்தனை முறை சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை.

நிற்காது. சுவர் ஒரு அளவில் விரியும், கூரை வேறு அளவில் விரியும். நடுவில் பூசிய சிமெண்டு முதல் கோடையிலேயே முடி கனத்துக்கு வெடிக்கும், அந்த வெடிப்பே தண்ணீரை உறிஞ்சும்.

இப்படிச் செய்யுங்கள். கூரை சுவரைத் தொடும் கோட்டுக்கு ஆறு அங்குலம் மேலே, சுவரில் நீளவாக்கில் ஒரு காடி (ஒடுங்கிய பள்ளம்) வெட்டுங்கள். கட்டிங் மெஷினால் இரண்டு கோடு போட்டு நடுவை உளியால் எடுத்தால் போதும், ஓர் அங்குலம் ஆழம். தூசியைப் பிரஷ்ஷால் முழுக்கத் தட்டிவிட வேண்டும், தூசி மேல் எந்தப் பசையும் ஒட்டாது. அலுமினியத் தகட்டின் மேல் விளிம்பை மடக்கி அந்தக் காடிக்குள் செருகுங்கள். தகடு சுவரோடு இறங்கி, கூரை மேல் ஆறு அங்குலமாவது படர்ந்து நிற்க வேண்டும். துண்டு துண்டாக வைக்கிறீர்கள் என்றால் கீழ்ச் சரிவில் இருப்பதன் மேல் மேல்சரிவில் இருப்பது நாலு அங்குலம் ஏறி நிற்கட்டும். காடியைப் பாலியூரித்தேன் சீலன்டால் அடையுங்கள். தகட்டின் கீழ் விளிம்பைக் கூரையோடு ஒட்டாமல் விடுங்கள். கூரை அசைந்தால் தகடு அதன் மேல் வழுக்கிக்கொள்ளும், கிழியாது. அந்த வழுக்கல்தான் இந்த அமைப்பின் உயிர்.

வெட்டுக்கல் சுவரில் காடி வெட்டும்போது கல் பொடிந்தால், அந்த இடத்தைச் சிமெண்டு ஒன்றுக்கு மணல் நாலு என்ற கலவையால் நிரப்பி, இறுகிய பிறகு மறுபடி வெட்டுங்கள்.

புது அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? பழைய அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டவா?

இறுகிய செம்மண் கிடைக்கும் வரை தோண்டுங்கள், குறைந்தது இரண்டரை அடி. கடப்பாரை குத்தினால் சொத்தென்று இறங்காமல் எதிர்த்துத் துள்ள வேண்டும். குளமோ வயலோ நிரப்பிய இடம் என்றால் இந்த அளவுகள் எதுவும் செல்லாது, பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பழைய சுவரை ஒட்டித் தோண்டும்போது அதன் அஸ்திவார அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது. முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்கவும் கூடாது. மூன்று நாலு அடித் துண்டாகத் தோண்டி, கட்டி நிரப்பி, ஒரு துண்டு விட்டு அடுத்ததைத் தோண்டுங்கள். மழை வந்தால் திறந்த வானத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பழைய வீட்டின் காலடியில் தண்ணீர் தேங்குவதைப் போல் ஆபத்து வேறில்லை.

சேர்ப்பது பற்றி: பழைய வீடு இறங்க வேண்டியதை அறுபது வருஷம் முன்பே இறங்கி முடித்துவிட்டது. புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கல்லைக் கோத்து ஒன்றாக்கினால் இறங்கும்போது விரிசல் எங்கே வரும் என்பதைச் சுவர்தான் முடிவுசெய்யும். முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு, அதில் தெர்மோகோல் பலகை செருகிப் புதுச் சுவரைத் தனியாக எழுப்பினால் விரிசல் நீங்கள் சொன்ன கோட்டில் வரும். உள்பக்கம் ஒரு மரப்பட்டியால் மூடிவிடலாம். பல மேசிரிமார் (கொத்தனார்கள்) 'பல் விட்டுச் சேர்த்தால்தான் பலம்' என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கட்டும் சுவருக்கு அது சரி, பழசோடு புதுசுக்குச் சரியில்லை என்பதே என் துணிபு.

மூலையும் மட்டமும் பிடிக்கத் தெரியவில்லை.

மூலைக்கு மூன்று, நாலு, ஐந்து. ஒரு நூலில் ஆறடி, மற்ற நூலில் எட்டடி குறித்துக்கொண்டு, குறிக்கும் குறிக்கும் நடுவே சரியாகப் பத்தடி வரும்படி நூலை நகர்த்துங்கள். சின்ன அளவில் பிடித்தால் பிழை பெரிதாகும், அதனால்தான் இரட்டிப்பாக்கி அளக்கிறோம்.

மட்டத்துக்கு லேசர் கருவி வாங்க வேண்டாம். உள்ளே தண்ணீர் தெரியும் முப்பது அடி பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். குழாய்க்குள் ஒரு குமிழி கூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய்யாகும். வாளித் தண்ணீரில் குழாயின் ஒரு முனையைப் போட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சி நிரப்பினால் குமிழி வராது. இரண்டு முனையையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஒருவர் பழைய வீட்டுத் தரைமட்டத்திலும் மற்றவர் புது மூலையிலும் பிடியுங்கள். தண்ணீர் ஆடி நிற்கும்வரை காத்திருங்கள். இதைவிடத் துல்லியமான மட்டம் அந்த விலைக்குக் கிடைக்காது.

வெட்டுக்கல், செங்கல், சிமெண்ட் கல்: எது நல்லது?

பக்கத்தில் நல்லதாகக் கிடைப்பது நல்லது. வெட்டுக்கல் பூமியிலிருந்து எடுத்தவுடன் மெதுவாக இருக்கும், வெயிலும் காற்றும் பட்டு இறுகும், ஆகவே புதுக்கல்லை உடனே சுவரில் ஏற்றாதீர்கள். வெள்ளைக் களிமண் திட்டுகள் அதிகமுள்ள கல்லை ஒதுக்குங்கள், மழையில் அந்தத் திட்டு கழுவிப்போய்க் கல் பொந்தாகிவிடும். மலப்புறத்து அங்காடிப்புரத்தில் பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கல்லைப் பார்த்து 1807இல் எழுதிய பிறகுதான் உலகம் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தது. நம் ஆட்களோ அதற்கெல்லாம் வெகுமுன்பே அதில் கோயிலும் வீடும் கட்டியிருந்தார்கள்.

செங்கல் என்றால், லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைச் சிலர் கேட்கிறார்கள். செங்கலைப் படுக்கப்போடாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு, ஒன்பது அங்குலச் சுவர் கட்டும் முறை. செங்கலில் ஏறக்குறையக் கால்பங்கு மிச்சம், உள்ளே சூடும் குறையும். ஆனால் எல்லாக் கல்லும் ஒரே அளவாக இருக்க வேண்டும், கை நிதானம் வேண்டும். முதன்முதல் சுவர் கட்டுகிறவர் தோட்டத்து மதிலில் பழகிவிட்டு வீட்டுக்கு வரலாம்.

அண்ணாச்சி, கடற்கரை மணல் சும்மா கிடைக்குதே, நாலு தண்ணியில கழுவிட்டு போட்டா என்ன?

வேண்டாம் தம்பி. வீட்டு வாளியில் கழுவி அந்த உப்பை நம்பி விட்டுவிட முடியாது. மிஞ்சும் உப்பு பூச்சில் பூத்து உதிரும், கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரையில் மணல் அள்ளுவதற்குச் சட்டத்திலும் இடமில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் கனிமமணல், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. கட்டுவதற்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட் வாங்குங்கள். கையில் அள்ளிப் பிடித்து விட்டால் மாவாக ஒட்டக் கூடாது. ஒட்டினால் பாறைப்பொடி அதிகம். எல்லை தாண்டி வரும் லோடு என்றால் டிரைவரிடம் பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சிமெண்டு மூட்டையில் தயாரித்த வாரம் அச்சாகியிருக்கும், மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைவாரத்திலேயே கட்டி கட்டும்.

சன்ஷேட் மட்டும் நானே வார்க்கலாமா? சின்னதுதானே?

சின்னதாகத் தெரியும், ஆளைக் கொல்வது அதுதான். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் எந்தத் தளத்துக்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். சாதாரணத் தளத்துக்குக் கீழே கம்பி வைத்துப் பழகிய கை இங்கேயும் கீழே வைத்துவிடும். அல்லது கம்பியை மேலே சரியாகக் கட்டியிருப்பார்கள், கான்கிரீட் கொட்ட ஏறியவரின் கால் பட்டு அது அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே சிமெண்டு மூடியதும் யாருக்கும் தெரியாது. முட்டுக்கால்களை எடுத்த அன்று, அல்லது ஓடு மாற்ற ஒருவர் அதன் மேல் ஏறி நிற்கும் அன்று, சுவரோடு ஒட்டின இடத்தில் முறிந்து தொங்கும்.

ஆள் வைத்தே வார்த்தாலும் கொட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கம்பிக்குக் கீழே நாற்காலிக் கம்பி (அதை உயர்த்திப் பிடிக்கும் வளைகம்பி) வைத்திருக்கிறதா, கம்பி லிண்டலுக்குள் போய்ப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிமெண்டு ஒன்று, மணல் ஒன்றரை, சல்லி மூன்று என்ற கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு மொத்தம் 25 லிட்டர் தண்ணீர் போதும். சல்லியும் மணலும் நனைந்திருந்தால் அதிலும் குறையுங்கள். 'ஓடி வரட்டும்' என்று இன்னொரு குடம் ஊற்ற விடாதீர்கள். இப்போது கடைகளில் அதிகம் வருவது சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டு, அதற்குக் குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும், காய்ந்த காற்றடிக்கும் மாசி பங்குனியில் பதினாலு நாள். முட்டு எடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும்.

கம்பியை எடை போட்டு வாங்குங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும்.

பழைய ஓட்டையும் மரத்தையும் திரும்ப உபயோகிக்கலாமா?

தாராளமாக. ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே கீறல். ஓட்டில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் முதல் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன, ஒன்றின் ஓடு மற்றொன்றில் சரியாகக் கொளுவாது. ஒரே பெயருள்ளதை ஒரே சரிவில் போடுங்கள். பட்டியல் இடைவெளியை யாரிடமும் கேட்காமல் உங்கள் ஓட்டையே வைத்து அளந்து அடியுங்கள்.

ஆஞ்சிலி, பலா, தேக்கு, வைரம் பாய்ந்த பனை எல்லாம் இன்னொரு தலைமுறைக்கு வரும். உளியை அழுத்திப் பாருங்கள், நுனி எளிதாகப் புதைந்தால் அந்த நீளத்தை வெட்டி எறியுங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனைதான் முதலில் போகும். ரப்பர் மரத்தைக் கூரைக்கு வைக்காதீர்கள், நம் விளையில் சும்மா நின்றாலும் வேண்டாம், பூச்சிக்கு அதுதான் முதல் தீனி. புதுப் பனை வெட்டுவதாக இருந்தால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்திருக்கிறது.

பாசி பிடித்த ஓட்டில் கால் வைக்காதீர்கள். கழுக்கோல் இருக்கும் கோட்டில் பலகை போட்டு, அதன் மேல் நகருங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுக்க வேண்டும்.

உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், மேலிருந்து போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நன்றாக நனைத்து, திருகாணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் மேல் ஏறி நிற்பது இன்னொரு ஆபத்து, பழைய ஷீட்டு ஆள் பாரம் தாங்காது.

சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. திரும்பச் சிமெண்டு பூசலாமா?

மண்சாந்துச் சுவரையும் சுண்ணாம்புச் சுவரையும் முழுச் சிமெண்டால் மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை மூச்சுவிடும். அதற்கு முன்னால் வெளியே போய்ப் பாருங்கள்: முற்றத்து மண் தரைமட்டத்துக்கு மேலே ஏறியிருக்கும், அல்லது இறவாணத் தண்ணீர் சுவரோரம் தேங்கும். ஓதத்துக்கு முதல் மருந்து மண்வெட்டி.

மின்சார வேலையை நானே செய்யலாமா?

குழாய் பதிக்கக் காடி வெட்டுவது வரை உங்கள் வேலை. கம்பி இழுத்து இணைப்பது உரிமம் உள்ளவர் வேலை, இரண்டு மாநிலத்திலும். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்று கட்டாயம் வேண்டும், ஈரக்கையோடு சுவிட்ச் தொடுகிற வீடுகள் நம்முடையவை.

வேலைக்கு வருகிறவர் கம்பியையும் அலுமினிய ஏணியையும் தூக்கித் திரும்பும் இடத்தில் மேலே மின்கம்பி போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். வீட்டுக்கு வரும் லைனும் சரி, 11 கிலோவோல்ட் லைனும் சரி, பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. புதுச் சாய்ப்பு அந்த இடைவெளியைத் தின்னுமானால் லைனை மாற்ற முதலில் மனு கொடுங்கள்.

சாய்ப்பிலேயே ஒரு கழிவறை வைக்கலாமா?

வைக்கலாம், கிணறு எங்கே என்று பார்த்துவிட்டு. கேரள விதிப்படி குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 7.5 மீட்டர் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் இருந்தாலும் அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும்.

கூடவே ஒரு கொத்தனாரை வைத்துக்கொண்டு நான் கையாளாக நிற்கலாமா?

இதுதான் எனக்கு மிகப் பிடித்த வழி. நாள்கூலிக்கு ஒரு மேசிரியை வையுங்கள். கலவை குழைப்பது, கல் எடுத்துக் கொடுப்பது, நனைப்பது எல்லாம் நீங்கள். சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்ட் விட்டால் அவருக்கு அவசரம் இருக்கும், நாள்கூலி என்றால் கற்றுத்தரவும் நேரம் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுங்கள், 'மேசிரி, மூலை நாலும் நீங்க எழுப்புங்க, நடுவுல நூல் பிடிச்சு நான் கட்டுதேன்' என்று. மூலை சரியானால் நடுச்சுவர் நூலோடு போகும். சாயங்காலம் அவர் போகும்முன் தூக்குக்குண்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூலியை அன்றன்றைக்குக் கொடுத்துவிடுங்கள், குறிப்பாகச் சனிக்கிழமை.